படம் வரைய யாருக்கு யோக்கியதை?

ஓர் ஊரின் நிலப்படத்தை அவ்வூர் ஜனங்களே வரையட்டும் என்றால், "எழுத்தறியாதவனுக்கு அதற்கு என்ன யோக்கியதை?" என்று படித்த கூட்டம் கேட்கின்றது. யோக்கியதை உள்ளவர்கள் வரைந்து என்னத்தைக் கிழித்துவிட்டார்கள்?

கென்யா தேசத்து நைரோபி நகரில் கிபேரா என்றொரு பெரும் சேரி. லட்சம் பேருக்குமேல் வாழும் அவ்விடம் 2009 வரை பொது நிலப்படங்களில் வெறும் வெள்ளையாகவே கிடந்தது. அவ்வாண்டில் அச்சேரி வாலிபர்களே ஜி.பி.எஸ். கருவியுடன் சந்து சந்தாய் நடந்து, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் எங்கெங்கே என்று குறித்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படத்தில் ஏற்றினார்கள். படத்திலேயே இல்லாத ஊர், தனக்குக் குழாய் இல்லை என்று எதைக் காட்டிக் கேட்பது?

ஆனால் தோழர்களே, ஏமாந்துவிடாதீர்கள்! பெரிய வீட்டுக்காரன் கையில் கோலைக் கொடுத்துத் தரையில் கோடு போடச் சொல்லி, பெண்களையும் ஏழைகளையும் வேடிக்கை பார்க்க நிறுத்தி, படத்தைச் சுருட்டிக்கொண்டு போகிற ஆராய்ச்சிக்காரனும் அதைப் "பங்கேற்பு" என்றுதான் சொல்லுகிறான். ஆகவே, வருகிறவனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: கோல் யார் கையில்? விடுபட்டது யார் தெரு? முடிந்தபின் படம் யாரிடம் இருக்கும்? இவற்றுக்குப் பதில் சொல்லாதவனுக்குக் கோடு போட்டுக் கொடுப்பது, வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுப்பதேயாகும்.