சோபா கிண்ணத்தில் மாசி வாசம்

ஜொகூர் பாருவில் இன்று சுஷிக் கடை இல்லாத பேரங்காடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் பாலம் கடந்து வரும் சிங்கப்பூர்க்காரர்களோடு நம் பிள்ளைகளும் அங்கே வரிசை பிடிக்கிறார்கள். 2013 ஜூலையில் மலேசியர்களுக்கு ஜப்பான் விசாவைத் தளர்த்தியது முதல், அசலையே ருசித்துவிடுவோம் என்று தோக்கியோவுக்குக் கிளம்புகிறவர்களும் பெருகிவிட்டார்கள். திரும்பி வந்து காட்டும் படங்களில் சுஷி, சுஷி, நடுவே கொஞ்சம் வாக்யூ மாட்டிறைச்சி.

தீபாவளிப் பலகாரத்தை நாம் தினமுமா தின்கிறோம்? தோக்கியோக்காரருக்குச் சுஷியும் அப்படித்தான். அந்த ஊர்க்காரர் வேலைக்கு ஓடும் அவசரத்தில் எங்கே பசியாறுகிறார் என்று பாருங்கள். ரயில் நிலையத்தில், நின்றபடியே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடையில். வாசலில் ஒரு சீட்டு இயந்திரம். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தி, வரும் சீட்டை மேடையில் வைத்தால் சற்று நேரத்தில் ஆவி பறக்கும் கிண்ணம் வந்துவிடும். வாயைத் திறக்கும் அவசியமே இல்லை. சுற்றிலும் உறிஞ்சும் சத்தம். நீங்களும் தாராளமாக உறிஞ்சலாம். டிப்ஸ் கிடையாது. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி மட்டும் வைத்துவிடாதீர்கள், அது இழவு வீட்டு வழக்கம். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது நமக்கு வசதி.

அந்தக் கிண்ணத்தை முகத்தருகே தூக்கியதும் எனக்கு அடித்தது மாசிக் கருவாட்டு வாசம். பிரமை அல்ல. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, விறகுக் கட்டை போல் இறுகும்வரை உலர்த்தி, மெல்லிசாகச் சீவி வெந்நீரில் போட்டு இறக்கும் சாறுதான் அவர்கள் சமையலுக்கு ஆதாரம். இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசியும் அதே சூரை, அதே அவிப்பு, அதே புகை. ஜப்பானியர் உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் ஏற்றி இன்னும் காயவைக்கிறார்கள், அவ்வளவே. சைவக்காரர்கள் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மிசோ சூப்பில் மிதப்பது தோஃபுவாக இருக்கும். கீழே இருப்பது பெரும்பாலும் மீன் சாறு. கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் எடுத்த சாறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முஸ்லிம் நண்பர்கள் விசாரிக்க வேண்டியது மிரின் என்ற இனிப்புச் சுவையூட்டி. அதில் மது உண்டு.

ஊர்க்காரரின் இன்னொரு அன்றாடச் சாப்பாடு கறிச்சோறு. மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. மாவு கரைத்த கொழகொழப்பும் இனிப்பும் என் நாக்குக்கு ஒத்துவரவில்லை. தோக்கியோவின் ஷிஞ்சுகுவில் உள்ள நாகாமுராயா கடை மட்டும் வேறு ஜாதி. 1915இல் பிரிட்டிஷாருக்குத் தப்பி ஜப்பான் போன இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது இந்த ரொட்டிக் கடைக் குடும்பம். பிறகு மகளையும் கட்டிக்கொடுத்தது. மாவு கரைத்த கறியைப் பார்த்து நொந்தவரோ என்னவோ, 1927இல் அந்தக் கடையில் இந்தியப் பக்குவத்தில் கோழிக்கறி போட வைத்தார். அதே மனிதர்தான் 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவர். அதற்குப் பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள், பெண்கள் உட்பட, நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள்.

ஜப்பான் என்றாலே மரவள்ளிக்கிழங்கும் சயாம் மரண ரயிலும்தான் என் பாட்டிக்கு ஞாபகம் வரும். "ஜப்பான்காரன் காலத்துல கெழங்குதான்யா சோறு" என்பார். அவர்கள் சமையலை நான் சிலாகித்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அவர் கோபம் நியாயம்தான். அதற்காக நான் நாக்கைக் கட்டிப்போடவும் இல்லை.

தோக்கியோ போகிறவர்கள் ஒரு வேளையை நாகாமுராயாவுக்கு ஒதுக்குங்கள். எலும்போடு கோழி, குழம்பு தனிக் கிண்ணத்தில், சோறு தனியாக. நிலையத்துச் சோபாவைவிட மூன்று நான்கு மடங்கு விலை. கொடுக்கலாம்.