கட்டளை நமது, விளக்கம் யாரிடம்?

கடை நமது, சரக்கு நமது, காசு போட்டு வாங்கிய கணனியும் நமது. ஆனால் அந்தக் கணனிக்குள் நடப்பது என்னவென்று நமக்குத் தெரியுமா? நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

நான் பங்காளியாக உள்ள மொத்த வியாபாரத்தில் கணக்குகள் ஐ.பி.எம். நடுத்தரக் கணனியொன்றில் இருக்கின்றன. 1988இல் ஏ.எஸ்./400 என்ற பெயரில் வந்த வகை இது. 2000இல் ஐசீரிஸ், 2006இல் சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, இன்று 'ஐ.பி.எம். ஐ' எனப்படுகிறது. பெயர் மாறினாலும் பழைய செய்நிரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனாலேயே வியாபாரிகள் இதைக் கைவிடுவதில்லை.

இதில் ஐ.பி.எம். தந்த கட்டளைகளோடு நமக்கு வேண்டிய கட்டளைகளையும் நாமே ஆக்கிக்கொள்ளலாம். எங்களிடம் வேலை செய்த தம்பி மாதமுடிவுக்கென்று ஒரு கட்டளை எழுதித் தந்தார். மூன்று நாள் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. பின்னர் அவர் கட்டார் போய்விட்டார்.

அடுத்த மாதமுடிவில் கணக்காளர் கட்டளையை அடித்து எஃப்4 பொத்தானை அழுத்தினார். திரை நான்கு விபரங்கள் கேட்டது. மூன்றாவதுக்கு 'வை' போடுவதா, 'என்' போடுவதா? உதவிக்கு எஃப்1 அழுத்தினால் ஒன்றும் இல்லை. இரண்டு நாட்களாகக் கடைக்காரர்களுக்குப் பாக்கிப் பட்டியல் அனுப்ப முடியவில்லை. இரண்டாம் நாள் இரவு தம்பி தொலைபேசியில் கிடைத்தார். "முதலாளி, 'என்' போடுங்க. 'வை' போட்டா பழைய பாக்கியெல்லாம் அழிஞ்சி போயிரும்" என்றார். ஒரு எழுத்தில் எங்கள் கடன் கணக்கே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

பிறகுதான் விசாரித்தேன். இப்படியான கட்டளைக்கு இரண்டு பகுதிகள் அவசியம். ஒன்று, என்னென்ன விபரம் கேட்க வேண்டும், எவற்றை ஏற்க வேண்டும் என்று சொல்லும் வரையறை. மற்றது, உண்மையில் வேலையைச் செய்யும் செய்நிரல். விரும்பினால், கொடுத்த விபரம் சரியா என்று பார்க்கும் செய்நிரலையும், எஃப்1 அழுத்தினால் தோன்றும் உதவிக் குறிப்பையும் சேர்க்கலாம். எங்கள் கட்டளையில் கடைசி இரண்டும் இல்லை.

கட்டளை ஆக்குவது எப்படி என்பதை ஐ.பி.எம். தனது கையேடுகளில் விபரமாகவும் இலவசமாகவும் தந்திருக்கிறது. ஆனால் எங்கள் கட்டளையின் மூன்றாவது விபரம் என்ன செய்யும் என்று எந்தக் கையேட்டிலும் இராது. அதை எழுத வேண்டியது நாமே. 'ஜெனரேட் கொமாண்ட் டொகியுமென்டேஷன்' என்ற கட்டளை, நமது கட்டளை கேட்கும் விபரங்களை வரிசைப்படுத்தி, உதவிக் குறிப்புக்கான படிவத்தையே தயாரித்துத் தரும். ஆனால் விளக்கத்துக்குரிய இடத்தை மனிதன்தான் நிரப்ப வேண்டும்.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "விளக்கம் எழுத இன்னும் இரண்டு நாள் வேணும்" என்று அவர் கேட்டார். "அதுக்கெல்லாம் சம்பளம் கொடுக்க ஏலாது" என்று சொன்னவன் நான்தான். மிச்சம் பிடித்தது இரண்டு நாள் சம்பளம். இழக்கவிருந்தது ஊரெல்லாம் நிற்கும் பாக்கி.

எழுதி வைத்தால் தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பெட்டகத்தில் பூட்டி வைக்கலாமே! ஒரே ஆளின் தலைக்குள் இருப்பது ரகசியமல்ல, ஆபத்து.

ஆகவே செய்நிரல் எழுதுவிக்கும் வியாபாரிகளுக்கு என் யோசனை மூன்று. மூல வரிகளின் பிரதியொன்று முதலாளியின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் உதவிக் குறிப்பு எழுதப்பட வேண்டும். எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து வேறொருவர் மாதமுடிவைச் செய்து காட்டிய பின்னரே கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்க வேண்டும்.

களஞ்சியத்தின் திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்க நாம் விடுவதில்லை. கணனிக்கு மட்டும் ஏன் விடுகிறோம்?