முப்பது கட்டமும் காலி!

இன்டர்நெட் படிவங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, 'இங்கே தேதி தப்பாயிருக்கு, பாருங்க' என்று அப்போதே காதோடு சொல்லிவிடும் ரகம். மற்றது, முப்பது கட்டங்களையும் நிரப்பவிட்டு, கடைசியில் 'பிழை' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லி, அடித்த அத்தனையையும் துடைத்துவிடும் ரகம். நம் ஊரில் இரண்டாவதற்குப் பஞ்சமே இல்லை.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா, மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க பிரௌசிங் சென்டர் போனார். கடைசி நாள். துணைக்கு நான். வருமானச் சான்றிதழ் எண், பாங்க் கணக்கு எண் என்று கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அடித்தார். பதில் வந்தது: 'பிறந்த தேதி செல்லாது.' புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தாராம். முப்பது கட்டமும் காலி!

"ஏன் தம்பி, எம் பொண்ணு பொறந்ததே செல்லாதுங்கறானா?"

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் அனுப்ப முடிந்தது.

இத்தனைக்கும் இந்த வியாதிக்கு மருந்து 1995-லேயே வந்தாயிற்று. அந்த வருஷம் மே மாதம், நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஒரு கம்ப்யூட்டர் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். முதலில் மோக்கா என்று காப்பிப் பெயர், அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். (ஜாவாவுக்கும் இதற்கும், கத்திரிக்காய்க்கும் கத்திரிக்கோலுக்கும் உள்ள உறவுதான்!) படிவத்தை அனுப்புமுன் நம் கம்ப்யூட்டரிலேயே சரிபார்ப்பது அதன் ஆரம்பகால உத்தியோகங்களில் ஒன்று.

ஆகவே, புரோகிராம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் நாலு விண்ணப்பங்கள்:

ஒன்று: ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்கு நகர்ந்ததும் சோதியுங்கள். என்ன தப்பு, எப்படி எழுதணும் என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு காட்டி அதட்ட வேண்டாம்.

இரண்டு: கோடோ, புள்ளியோ, போன் நம்பரில் இடைவெளியோ, எதுவானாலும் 'ரிப்ளேஸ்' என்று ஒரு வரி எழுதி நீங்களே மாற்றிக்கொள்ளலாமே!

மூன்று: அடித்ததை 'செஷன் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் சேமியுங்கள். பக்கம் மறுபடி லோடு ஆனாலும் அப்படியே எடுத்துப் போடலாம். டேபை மூடினால் அழிந்துவிடும். அதன் அண்ணன் 'லோக்கல் ஸ்டோரேஜ்' மூடினாலும் அழியாது. பிரௌசிங் சென்டரில் அடுத்து உட்காருபவர் அக்காவின் வருமானத்தைப் படித்துவிடுவார்.

நான்கு: பணம் கட்டும் பட்டனை ஒருமுறை அமுக்கியதும் அதை முடக்கி, 'அனுப்புகிறோம், பொறுங்கள்' என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் பதற்றத்தில் இரண்டு தட்டு தட்ட, பணம் இரண்டு தரம் போகும். பி.காமில் நான் படித்த டபுள் என்ட்ரி இது இல்லை ஸார்!

ஒரு எச்சரிக்கை. பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்டை யார் வேண்டுமானாலும் அணைத்துவிடலாம். எனவே விஷமிகளைத் தடுக்கும் சோதனை சர்வரிலும் கட்டாயம் இருக்கவேண்டும். வாசலில் 'வாங்க' என்று சொல்பவர் வேறு, வாட்ச்மேன் வேறு.

வாட்ச்மேன்கள் நம்மிடம் ஏராளம். 'வாங்க' சொல்லத்தான் இன்னும் ஆள் போடவில்லை.