எல்லாம் ஒரே டியூன் தானா?

ப்ளூகிராஸ் ஃபிடில் இசையை முதல்முறை கேட்பவர்கள் பத்து நிமிஷத்தில் ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: "எல்லாம் ஒரே டியூன் தானே? பேர் தான் வேற வேற." பாதி தப்பு. ஆனால் மீதிப் பாதி ஏன் சரி என்பதில் தான் விஷயமே இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: ஃபிடில் என்பது நம் வயலின் தான். ப்ளூகிராஸ் என்பது கென்டக்கிக்காரர் பில் மன்றோவும் அவர் குழுவும் 1940களில் வடிவம் கொடுத்த அமெரிக்க இசை. அதில் வரும் ஃபிடில் டியூன்கள் பல அதற்கும் முந்தியவை, சில ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவை.

பெரும்பாலான டியூன்களுக்கு இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் 8 பார், இரண்டு தடவை, ஆக 32. சுருதியும் அநேகமாக ஏ, டி, ஜி இந்த மூன்றில் ஒன்று. வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு குழம்பாமல் என்ன செய்யும்?

எல்லோரும் செய்யும் தவறு, ஆரம்பத்தை வைத்து அடையாளம் காண முயல்வது. 'ரெட் ஹேர்டு பாய்', 'சால்ட் கிரீக்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏ சுருதி, இரண்டிலும் நிஷாதம் இறங்கியிருக்கும் (அரிகாம்போதி ஸ்வரங்கள் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும்), அதனால் இரண்டிலும் ஜி கார்டு வந்து போகும். முதல் பகுதியில் பழகிய கைகளே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிவிடும். இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். முன்னது நேராக ஜி கார்டிலேயே தொடங்கும். பின்னது மேல் ஏ-வுக்கு ஏறி, அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத் தான் ஜி-க்கு இறங்கும். 'ப்ளாக்பெரி ப்ளாசம்' என்றால் இரண்டாம் பகுதி ஈ மைனருக்குப் போய்விடும், சந்தேகமே வராது.

பெயரை நம்பவே கூடாது. 'ரெட் ஹேர்டு பாய்' அயர்லாந்தில் 'லிட்டில் பெக்கர்மேன்'. 'சால்ட் கிரீக்' முன்பு 'சால்ட் ரிவர்'. 1963-ல் பான்ஜோ கலைஞர் பில் கீத் மன்றோ குழுவில் இருந்தபோது தான் புதுப்பெயர் வந்தது. 'ப்ளாக்பெரி ப்ளாசம்' என்ற பெயரிலோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத டியூன்கள் இருக்கின்றன!

இனி அந்த மீதிப் பாதி. பழைய மலைநாட்டு ஃபிடில்காரர்கள் டியூனுக்குத் தகுந்தபடி தந்திகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார்கள். ஏ டியூன் என்றால் ஏ-ஈ-ஏ-ஈ, 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' என்றால் டி-டி-ஏ-டி. மீட்டாத தந்தியும் கூடவே ரீங்காரமிடும். சில டியூன்களில் ஒன்றிரண்டு தட்டு கூடவோ குறையவோ இருக்கும், 'கோணல் டியூன்' என்றே அதற்குப் பெயர். தனியாக வாசிப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பான்ஜோ, மாண்டலின், கிதார் எல்லாம் மாறி மாறித் தனி ஆவர்த்தனம் செய்யும் குழுவில் அந்தக் கோணல் இடிக்கும். அதனால் நிமிர்த்திவிட்டார்கள். சுருதியும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றாகிவிட்டது. மூக்கு, முழி எல்லாவற்றையும் செதுக்கிச் சமமாக்கிவிட்டு, முகங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்றால் எப்படி? பழியை டியூன் மீது போடுவது அநியாயம்.

ப்ளூகிராஸின் வேகமும் பளபளப்பும் பெரிய சாதனை தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தாளில் எழுதிய டேப் பார்த்து ஐம்பது டியூன் கற்றுக்கொள்பவர், வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஜி வரவேண்டிய இடத்தில் ஏ-வைப் போட்டுவிட்டு முழிப்பதற்கு இந்தச் சமன்பாடும் ஒரு காரணம். கைக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரிவதில்லை.

கென்டக்கிக்காரர் பில் ஸ்டெப் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' வாசித்ததை 1937-ல் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். அந்த வாசிப்பைத் தான் ஏரன் கோப்லாண்ட் 1942-ல் தன் 'ரோடியோ' பாலேயில் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். பிறகு அது அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் போனது. அந்த விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் முதல் இரண்டு பாரைப் போட்டுக் காட்டுங்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டெப்பின் பெயர் தான் தெரிந்திருக்காது :)