ஏக்கும் யெக்கும் ஒன்றல்ல

துபாயில் பல வருடம் கடை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் பெரியப்பா மகன், பக்கத்துக் கடை ஈரானியர் பணம் எண்ணும் விதத்தை நடித்தே காட்டினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கையில் இல்லாத நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். “யெக், தோ, ஸே, சஹார், பஞ்ச், ஷேஷ், ஹஃப்த், ஹஷ்த், நொஹ், தஹ். பார்த்தியா தம்பி, அப்படியே இந்தி! எல்லாம் சமஸ்கிருதத்துலேருந்து போனதுதான்.”

இது அண்ணன் தாமாகக் கண்டுபிடித்தது அல்ல. சப்த–ஹஃப்த், பஞ்ச–பஞ்ச், தச–தஹ் என்று இரண்டு பத்தியாக எழுதிய அட்டவணை கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணுப்பெயர்கள் ஒத்திருக்கின்றன, ஆகவே சமஸ்கிருதம் தாய், பாரசீகம் மகள் என்று மேடையிலும் பேசுகிறார்கள். இதையே தலைகீழாக்கி, பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில்தான் இந்திக்கு எண்கள் வந்தன என்று சாதிப்பவர்களையும் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு. ஒரே ஒலியைக் கேட்டதும் ‘யார் யாருக்குக் கொடுத்தார்கள்’ என்று கேட்கத் தொடங்குவதுதான் இந்தத் தவற்றின் வேர். அக்காளும் தங்கையும் ஒரே சாயலில் இருந்தால் ஒருத்தி மற்றவளைப் பெற்றாள் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. எண்களின் வரிவடிவங்கள் இந்தியாவிலிருந்துதான் மேற்கே போயின. 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி அவற்றைக் கொண்டு கணக்கிடும் முறையை எழுதினார். அரபியர் இன்றும் தங்கள் எண் வடிவங்களை ‘இந்திய எண்கள்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் 5 என்ற வடிவம் பயணம் போன கதை வேறு, ‘பஞ்ச்’ என்ற சொல்லின் கதை வேறு. அந்த வடிவம் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஈரானியரின் பழைய மறைநூலான அவெஸ்தாவில் ‘பஞ்ச’ இருக்கிறது.

அட்டவணைக்காரர்கள் முதல் வரியிலேயே வழுக்கி விழுகிறார்கள். ஏக், யெக் இரண்டையும் பார்த்தால் இதைவிட நெருங்கிய ஜோடி இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவெஸ்தாவில் ஒன்றுக்கு உரிய சொல் ‘அஏவ’. பழம்பாரசீகக் கல்வெட்டுகளில் ‘ஐவ’. ககரமே கிடையாது. பிற்காலத்தில் இந்த ‘ஐவ’வோடு ‘க’ என்ற ஒட்டு சேர்ந்து ‘ஏவக்’ ஆனது. அது தேய்ந்து ‘யக்’, இன்றைய ஈரானில் ‘யெக்’. சமஸ்கிருத ‘ஏக’வோ ‘ஐக’ என்ற வேறு வடிவத்திலிருந்து வந்தது. ‘ஐ’ என்ற பகுதி இரண்டுக்கும் பொது, அதன்பின் வரும் விகுதி வேறு. ‘ஐவ’வுக்குச் சமஸ்கிருதத்தில் உறவான சொல் ‘ஏவ’. அது எண் அல்ல, நம் தேற்றேகாரம்போல அழுத்தம் தரும் இடைச்சொல். அச்சில் வார்த்ததுபோல் தெரியும் ஜோடிதான் உள்ளே பிரிந்து நிற்கிறது. காது சொல்வதை மட்டும் நம்பினால் இது தெரியவே தெரியாது.

இந்த வேறுபாடு அற்ப விஷயம் அல்ல. துருக்கியில் போகாஸ்கோய் என்னுமிடத்தில், ஹிட்டைட்டுகளின் பழைய தலைநகரில், களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு தொகுதி குதிரைப் பயிற்சி பற்றியது. மித்தானி நாட்டுக் குதிரைப் பயிற்சியாளன் கிக்குலி சொன்னதாக அது தொடங்குகிறது. வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல். குதிரை ஓடவேண்டிய சுற்றுகளை ஐகவர்த்தன, தேரவர்த்தன, பன்ஸவர்த்தன, ஸத்தவர்த்தன, நாவர்த்தன என்று அது குறிக்கிறது: ஒரு சுற்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. மித்தானிக்கு அந்தச் சொற்களைக் கொண்டுவந்தவர்கள் ஈரானியக் கிளையினரா, இந்தோ-ஆரியக் கிளையினரா என்ற கேள்விக்கு அறிஞர்கள் காட்டும் முக்கியச் சான்றுகளில் ஒன்று அந்த ‘ஐக’. ‘ஐவ’ என்று இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அத்தனை பழங்காலத்திலேயே இரண்டு கிளைகளும் தனித்தனியாக எண்ணத் தொடங்கிவிட்டன.

ஆறுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் ‘ஷட்’. அவெஸ்தாவில் ‘க்ஷ்வஷ்’. நடுவில் உள்ள வகரத்தைக் கவனியுங்கள். ஈரானியக் கிளை மொழியான பஷ்தோவில் அது பகரமாக இறுகி, ஆறுக்கான சொல் ‘ஷ்ப’ என்று தொடங்குகிறது. தொலைவில் இருக்கும் வேல்ஸ் மொழியின் ஆறிலும் அந்த வகரம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் இல்லை. தாயிடம் இல்லாத நகை மகளுக்கு எப்படி வந்தது? மூத்த மொழி ஒன்றில் இருந்ததை ஈரானியம் காப்பாற்றியது, சமஸ்கிருதம் தொலைத்தது. ஈரானியம் தொலைத்தவையும் உண்டு: ‘சப்த’வின் சகரம் அங்கே ஹகரமாகிவிட்டது. இருக்கு வேதத்தின் ‘சப்த சிந்து’வும் அவெஸ்தாவின் ‘ஹப்த ஹெந்து’வும் ஒரே தொடர்தான்.

எண்ணும் முறையும் பிரிந்துதான் கிடக்கிறது. இந்திக்காரர் 19ஐ ‘உன்னீஸ்’ என்கிறார், இருபதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். ஈரானியருக்கு ‘நூஜ்தஹ்’, ஒன்பதும் பத்தும். 21 இந்தியில் ‘இக்கீஸ்’, ஒன்று முன்னால், இருபது பின்னால். பாரசீகத்தில் ‘பீஸ்த் ஓ யெக்’, இருபது முன்னால். காக்கசஸ் மலையில் பேசப்படும் ஒசேத்தியமும் ஈரானியக் கிளைதான். அங்கே ஒன்பதுக்கான பழைய சொல்லையே கைவிட்டு ‘ஃபராஸ்த்’ என்றார்கள், எட்டுக்கு அப்பால் என்ற பொருளில். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. யாரோ ஒருவர் எட்டில் நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுபோல் இருக்கிறது.

உண்மையில் கடன் வாங்கும்போது அது எப்படி இருக்கும்? சதுரங்க ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போனது. கூடவே சொல்லும் போய் ‘சத்ரங்’ ஆனது. ஆனால் பாரசீகர் நான்கை ‘சத்ர்’ என்று எண்ணவில்லை, ‘சஹார்’ என்றுதான் எண்ணுகிறார்கள். விருந்தாளி சொல்லும் வீட்டுச் சொல்லும் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு முகத்தோடு இருக்கின்றன. எதிர்த் திசையிலும் கடன் உண்டு. இந்தியின் ‘ஹஜார்’ பாரசீகச் சொல், ‘சஹஸ்ர’வின் சகோதரி. இன்னும் தெளிவாகப் பார்க்க பலுசிஸ்தானத்துக்குப் போகவேண்டும். அங்கே பேசப்படும் பிராகுயி நம் திராவிடக் குடும்பம். இரண்டு ‘இரட்’, மூன்று ‘முசிட்’. நான்கிலிருந்து சார், பஞ்ச் என்று பக்கத்து ஈரானிய மொழிகளின் சொற்கள். நான்கு முதல் அத்தனை எண்களையும் வாங்கிக்கொண்ட பிராகுயி ஈரானிய மொழியாகிவிடவில்லை.

தமிழர் இதில் அக்கறை காட்ட வலுவான காரணம் இருக்கிறது. எட்டு, இந்தியின் ‘ஆட்’, ஆங்கிலத்தின் ‘எய்ட்’ மூன்றையும் வரிசையாக வைத்து, தமிழும் ‘அஷ்ட’விலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள், ‘எண்’ வெளியே தலை காட்டும். அந்த ‘எண்’தான் ‘எட்டு’க்கு வேர். ஒலி ஒத்தது தற்செயல். ‘ஆயிரம்’ வேறு விதம். அது ‘சஹஸ்ர’வின் பிராகிருத வடிவம் வழியாக வந்தது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு, கன்னடத்தின் ‘சாவிர’வும் அதே வழிதான். அதனால் தமிழ் சமஸ்கிருதத்தின் மகள் ஆகிவிடாது. கடனையும் பிறப்பையும் பிரித்துப் பார்த்துத்தான் 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டினார். நமக்கு நீதி தந்த அந்த அளவுகோலைப் பாரசீகத்துக்கு மட்டும் மறுப்பது அநியாயம். 1786இல் கல்கத்தாவில் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் சொன்னதும் சமஸ்கிருதம் தாய் என்று அல்ல. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து வந்தவை, அந்த மூலம் ஒருவேளை இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்றார்.

அண்ணனுக்குத் தாளில் மூன்றாவது பத்தி போட்டுக் காட்டினேன்: ஐவ, க்ஷ்வஷ், ஹப்த. “அப்ப ரெண்டுக்கும் தாய் யாரு?” என்றார். எழுத்தில் வராமலே மறைந்த மொழி, மகள்களை வைத்துத்தான் அதைக் கணிக்கிறார்கள் என்றேன். அவர் மறுபடி கட்டைவிரலை நாக்கில் தொட்டு “யெக்” என்று சொல்லி, அங்கேயே நிறுத்தினார்.

“இந்தக் கடைசி ‘க்’ பிறகு ஒட்டினதா?”