தளம் திறந்தாயிற்று, பதிவு வரவில்லையா?



விளக்கேற்றி, நாடா வெட்டி, சங்கத்தின் இணையத்தளத்தைத் திறந்து வைத்தாயிற்று. அமைத்துக் கொடுத்தவரும் போய்விட்டார். மறுநாள் பனையோலைப் பெட்டிகளின் விலையை எழுதிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். தளத்தில் ஒன்றும் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். “உது எங்களுக்குச் சரிவராது பிள்ளை” என்று மூத்த அம்மாமார் என்னிடம் சொல்வதுண்டு. குறை உங்களிடம் இல்லை. இத்தகைய தடங்கல்களுக்குக் காரணங்கள் ஒரு சிலதான். 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளை உதாரணமாக வைத்து அவற்றைப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு என்ன அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘பங்களிப்பாளர்’ என்ற நிலையில் உள்ளவர் எழுதலாம். தானாக வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. அவர் எழுதியது பொறுப்பாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். அது தொலைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, வெளியிட்ட பின்னும் பழைய விலையே தெரிந்தால், உங்கள் தொலைபேசி முன்பு சேமித்து வைத்த பிரதியைக் காட்டக்கூடும். வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள். அங்கும் பழையதே என்றால், தளம் சேமித்துள்ள பிரதியை நீக்கும்படி அமைத்தவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, நேரம். தளத்தின் நேர அமைப்பை மாற்றாமல் விட்டால் அது கிரீன்விச் நேரத்தில் இருக்கலாம். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. காலை 6 மணிக்கு என்று குறித்த அறிவித்தல் 11.30 க்குத்தான் வரும். அத்துடன், குறித்த நேரத்தில் வெளியிடும் வேலை, யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் நடக்கும். வருகை குறைந்த தளத்தில் அதனாலும் தாமதமாகும்.

நான்காவது, எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தோன்றும். மாற்றியின் மூலம் யூனிக்கோட்டுக்கு மாற்றிய பின் ஒட்டுங்கள்.

இவை எல்லாம் வராமல் நின்ற பிழைகள், திருத்திவிடலாம். எனக்குக் கவலை தருவது, வரக்கூடாதது வந்துவிடும் பிழை. தனித்து வாழும் ஒரு பெண்ணின் படம், பெயர், ஊர், அவர் வாங்கிய உதவித்தொகை எல்லாம் ஒரே பதிவில் வந்துவிட்டால் என்ன ஆகும்? காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் குடும்பத்தின் விபரம் வந்துவிட்டால்? பதிவைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினாலும் அதிலிருந்த படம் அழியாது. அதற்குத் தனி முகவரி உண்டு. படங்கள் சேமிக்கப்பட்டுள்ள பகுதிக்குச் சென்று அதையும் நீக்க வேண்டும். கூகுள் போன்ற தேடுதளங்களில் அதன் தடயம் சில காலம் இருக்கலாம். நீக்கும்படி அங்கே கோரலாம். ஆனால், அதற்குள் ஒருவர் பிரதி எடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆகவே, பொத்தானை அழுத்துமுன் இருவர் சேர்ந்து வாசியுங்கள். படத்தில் உள்ளவரிடம் எழுதிய பதிவைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். முன்பொரு நாள் படம் எடுக்கச் சம்மதித்தது இதற்குப் போதாது. வேண்டாம் என்றால், கைகளையும் கைவேலையையும் மட்டும் படம் எடுத்தாலும் பெட்டி விற்கும்.

பிழைச் செய்தி வந்தால் பதறி மூடிவிடாமல், அதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். நாள், நேரம், அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அமைத்தவருக்கு அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கடவுச்சொல்லைத் தொலைபேசியில் எவருக்கும் சொல்லாதீர்கள். நிர்வாகப் பொறுப்புக்குச் சங்கத்தில் இருவருக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கட்டும். ஒருவர் ஊர் மாறிப் போனாலும் தளம் உங்கள் கையிலேயே இருக்கும்.