கவுண்டர் லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் இருக்கும் அந்தச் சின்ன லேப்டாப்பைப் பற்றி இரண்டு வாரமா நம் புலனக் குழுவில் பேச்சு ஓடுது. "பழசாப் போச்சு, புதுசு வாங்கிடலாம், யாராவது உபயம் எடுத்துக்குங்க" என்று ஒரு பக்கம். "அதான் ஓடுதே, எதுக்குத் தொடணும்" என்று இன்னொரு பக்கம். தொண்டர்களாகிய நாங்கள் இரண்டையுமே எதிர்க்கிறோம்.

முதலில் "ஓடுதே" என்பவர்களுக்கு. அதில் இருப்பது 2015-இல் வந்த விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் நீட்டிப்பு. நம் லேப்டாப்பை யாரும் பதிவு செய்யவில்லை. இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது.

"கோவில் கணினியில திருட என்ன இருக்கு?" என்று ஒரு அண்ணன் கேட்டார். இருக்குங்க. உபயக்காரர்களின் பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண். கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்தவர்களின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி. நாளைக்கே எவனோ ஒருவன் நம் பாட்டி ஒருத்தரை அழைத்து, பேரனின் பெயர், நட்சத்திரம் எல்லாம் சரியாகச் சொல்லி, "ஆலயத்திலிருந்து பேசுறோம்மா, திருவிழா உபயப் பணத்தை இந்தக் கணக்குல போடுங்க" என்றால், பாட்டி சந்தேகப்படுவாரா? போட்டுவிட்டுத்தான் மகனிடம் சொல்வார். நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது.

அப்படியானால் விண்டோஸ் 11 போட்டுவிடலாமே? குருவி தலையில் பனங்காய். நம் லேப்டாப்பில் செலரான் N3350, 4 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 64 ஜிபி. அந்தச் செலரான் ஆதரிக்கப்படும் சிப் பட்டியலிலேயே இல்லை. சோதனையை ஏமாற்றி உள்ளே தள்ள வழி உண்டு, யூடியூப் பார்த்துவிட்டு இரண்டு தம்பிகள் ஆர்வமா வந்தார்கள். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பாதுகாப்புக்காக மாற்றுகிறோம், அந்தப் பாதுகாப்புக்கே உறுதி இல்லையென்றால் எதற்கு இந்தக் கூத்து? "கடையில கொடுத்தா 50 வெள்ளிக்குப் போட்டுத் தருவான்" என்பவர்களுக்கு ஒன்றுதான் கேட்கிறோம்: சன்னதிக்கு எதிரே இருக்கிற கணினியில் திருட்டு விண்டோஸா?

புதுசு வாங்கும் பேச்சுக்கு வருவோம். ஒரு கடையில் 1,800 வெள்ளி விலை சொன்னார்கள். அது உண்டியலில் ஒவ்வொரு வெள்ளியாக விழுந்த பணம். ஒரு பட்டியலைத் திறக்க, சீட்டு அச்சடிக்க, மின்னஞ்சல் பார்க்க இவ்வளவு செலவா? திரை நன்றாக இருக்கு, விசைப்பலகை நன்றாக இருக்கு, பேட்டரி மூன்று மணி நேரம் நிற்குது. கெட்டது லேப்டாப் இல்லை.

எங்கள் யோசனை லினக்ஸ் மிண்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. இலவசம், உரிமத் தொல்லை இல்லை. குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. ஒரு 8 ஜிபி விரலியில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் எதையும் தொடாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் சரியாக வந்தால்தான் நிறுவ வேண்டும். நிறுவினால் பழையது அழியும், அதனால் பட்டியல் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் இரண்டு பிரதி எடுக்கணும். இதில் அவசரமே கூடாது.

"தமிழ் வருமா?" வரும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைமுறை இரண்டும் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பிறந்த நாடு இது, கணினியில் தமிழ் வராதோ என்று நாமே பயப்படலாமா? பழைய அழைப்பிதழ்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் ஏற்றிக்கொள்ளலாம். நம் சீட்டுக் கணக்கு சாதாரண எக்ஸல் பட்டியல்தான், லிப்ரே ஆபிஸில் திறக்குது, திறந்து பார்த்தாச்சு. விண்டோஸில் மட்டும் ஓடும் தனி மென்பொருள் வைத்திருக்கும் ஆலயங்கள் எங்களைப் பார்த்து அப்படியே செய்துவிடாதீங்க, அது வேற கதை. பத்துப் பதினைந்து பக்கங்களை ஒரே நேரத்தில் உலாவியில் திறந்தால் இதுவும் திணறும். கவுண்டரில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பவர்களுக்கு அது சிரமம்தான், எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

நிர்வாகக் குழுவிடம் நாங்கள் கேட்பது ஒன்று: அடுத்த கூட்டத்தில் புது லேப்டாப் பற்றி முடிவெடுக்கும் முன் விரலியில் ஓடுவதைப் பத்து நிமிடம் பாருங்க. அந்த 1,800 வெள்ளியை உபயமாகத் தர முன்வந்த அன்பருக்கும் ஒரு வேண்டுகோள்: மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கித் தாங்க, கையெடுத்துக் கும்பிடுவோம்.

வீட்டு அலமாரியில் இதே மாதிரி சின்ன லேப்டாப் தூங்கினால் கொண்டு வாங்க. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் பக்கத்து அறையில் இருப்போம். சார்ஜரை மறந்துடாதீங்க, போன தடவை பாதிப் பேர் மறந்துட்டாங்க.